எலும்பு வரை போகும் அட்ரினல் கட்டி: பழைய ஆபரேஷனை ஏன் மறக்கக் கூடாது?

முதுகுவலி என்றால் நம் மக்கள் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. செம்பனைக் குலை தூக்கியவருக்கும், ஆண்டுக்கணக்கில் பால்மரம் சீவியவருக்கும், நாள் முழுக்க லோரி ஓட்டுபவருக்கும் இடுப்பு வலிப்பது புதிய செய்தி அல்ல. தைலம் தேய்ப்பார்கள், தெரிந்தவரிடம் போய் உருவிக்கொள்வார்கள், அதற்கும் அடங்காவிட்டால் கிளினிக்கில் ஓர் ஊசி போட்டு, இரண்டு நாள் எம்.சி. எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலான முதுகுவலி அதிலேயே சரியாகியும் விடும்.

ஒரு சிறு கூட்டத்தாருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. சிறுநீரகத்தின் மேல் இருந்த ஒரு கட்டியைப் பல ஆண்டுகளுக்கு முன் ஆபரேஷன் செய்து எடுத்தவர்கள் அவர்கள். "கட்டி போய்விட்டது, சாதாரணக் கட்டிதான்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள். ஐந்து, பத்து, சில வேளைகளில் இருபது ஆண்டுகள் கழித்து அவர்களுக்கு வரும் முதுகுவலி, அந்தப் பழைய கட்டியின் அணுக்கள் முதுகெலும்பில் குடியேறிவிட்டதன் அடையாளமாக இருக்கலாம்.

இந்த நோய் அரிதானது. ஆனால் அரிது என்பதாலேயே தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. அந்தத் தாமதத்தின் விலை சிலருக்கு நடக்கும் கால்களாகவே இருக்கிறது. அதனால் இதைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அட்ரினல் சுரப்பி எங்கே இருக்கிறது?

இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி வைத்ததுபோல் ஒவ்வொரு சிறிய சுரப்பி உண்டு. அதுதான் அட்ரினல். ஒன்றின் எடை 4 முதல் 5 கிராம்தான். அளவில் சிறியதானாலும் அது இல்லாமல் உயிர் வாழ முடியாது.

இதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. வெளிப்பகுதி கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. உள்பகுதி அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் சுரக்கிறது. பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறதே, கை வியர்க்கிறதே, ஓடுவதற்குக் கால்களுக்கு எங்கிருந்தோ பலம் வருகிறதே, அதெல்லாம் இந்த உள்பகுதியின் வேலை. ஆபத்து விலகியதும் சுரப்பு குறையும். உடம்பு பழைய நிலைக்குத் திரும்பும்.

இந்த உள்பகுதியில் வளரும் கட்டிக்கு ஃபியோக்ரோமோசைட்டோமா என்று பெயர். இதே வகை அணுக்கள் கழுத்து, நெஞ்சு, வயிற்றில் பெரிய ரத்தக்குழாயை ஒட்டிய பகுதி, சிறுநீர்ப்பை ஆகிய இடங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அங்கே வளரும் கட்டிக்குப் பாராகேங்லியோமா என்று பெயர். இரண்டும் பங்காளிகள் மாதிரி. 10 லட்சம் பேர் வாழும் ஊரில் ஆண்டுக்கு 2 முதல் 8 பேருக்குத்தான் இவை புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகின்றன.

இந்தக் கட்டியை முதன்முதலில் 1886-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் ஃப்ரெங்கல் என்ற மருத்துவர், திடீரென இறந்துபோன 18 வயதுப் பெண் ஒருவரின் உடலில் கண்டு பதிவு செய்தார். 1926-இல் சுவிட்சர்லாந்தில் சீசர் ரூ என்பவரும் அமெரிக்காவில் சார்ல்ஸ் மாயோ என்பவரும் தனித்தனியே இதை ஆபரேஷன் மூலம் வெற்றிகரமாக அகற்றினார்கள்.

ரத்தக் கொதிப்பு வேடத்தில் வரும் நோய்

கட்டி இருப்பவருக்கு ஆபத்தே இல்லாத நேரத்திலும் அட்ரினலின் கொட்டிக்கொண்டிருக்கும். அதனால் மூன்று அறிகுறிகள் சேர்ந்து வரும்: திடீர்த் தலைவலி, உடம்பு நனையும் வியர்வை, நெஞ்சுப் படபடப்பு. முகம் வெளுத்துப்போகும். ரத்த அழுத்தம் திடீரென ஏறும். சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்திலோ எல்லாம் அடங்கி, ஒன்றும் நடக்காததுபோல் ஆகிவிடும். சிலருக்கு ரத்த அழுத்தம் எப்போதுமே உயர்ந்தபடி இருக்கும். வேறு சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் கட்டி தெரியவரும்.

2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் சுமார் 29 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது. அவர்களில் மிக மிகச் சிலருக்கே காரணம் இந்தக் கட்டி. ரத்தக் கொதிப்புள்ள 1,000 பேரை எடுத்துக்கொண்டால் 2 முதல் 6 பேர் இருக்கலாம். எனவே ரத்தக் கொதிப்புள்ள எல்லோரும் இதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. ஆனால் இளம் வயதிலேயே ரத்தக் கொதிப்பு வந்தாலோ, மூன்று மருந்து சாப்பிட்டும் அது இறங்காவிட்டாலோ, மேலே சொன்ன மூன்று அறிகுறிகளும் அலையலையாக வந்து போனாலோ, மருத்துவரிடம் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "டென்ஷன்தான்", "சூடுதான்" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

'நல்ல கட்டி' என்ற பேச்சு ஏன் மாறியது?

முன்பெல்லாம் இந்தக் கட்டிகளைப் புற்றுநோய்க் கட்டி, புற்றுநோய் அல்லாத கட்டி என்று இரண்டாகப் பிரிப்பார்கள். பத்தில் ஒன்றுதான் பரவும் என்பது மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். அந்தக் கணக்கு இப்போது நிற்பதில்லை.

வெட்டி எடுத்த கட்டியை மைக்ரோஸ்கோப்பில் எவ்வளவு நுட்பமாகப் பார்த்தாலும், இது பிற்காலத்தில் பரவுமா பரவாதா என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. அமைதியாகத் தெரிந்த கட்டி பத்து ஆண்டுகள் கழித்து எலும்பில் தென்பட்டிருக்கிறது. அதனால் உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் அந்தப் பழைய பிரிப்பையே கைவிட்டது. இந்தக் கட்டிகள் எல்லாவற்றுக்கும் பரவும் தன்மை ஓரளவாவது உண்டு என்பதே இன்றைய நிலைப்பாடு.

அட்ரினலுக்குள் தோன்றும் கட்டிகளில் சுமார் 10 முதல் 15 விழுக்காடு பரவுகின்றன. வயிற்றுப் பகுதியில் அட்ரினலுக்கு வெளியே தோன்றுபவற்றில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பரவக்கூடும். 5 செண்டிமீட்டருக்கு மேல் பெரிதாக இருந்த கட்டி, அட்ரினலுக்கு வெளியே இருந்த கட்டி, எஸ்.டி.எச்.பி. என்ற மரபணுவில் குறை உள்ளவரின் கட்டி ஆகிய மூன்றிலும் ஆபத்து அதிகம்.

எலும்பைத் தேடிப் போவது ஏன்?

பரவும்போது இந்தக் கட்டியின் அணுக்கள் நிணநீர் முடிச்சு, நுரையீரல், கல்லீரல், எலும்பு ஆகிய இடங்களுக்குப் போகின்றன. இவற்றில் எலும்புக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நோய் பரவிய 128 பேரில் பத்துக்கு ஏழு பேருக்கு எலும்பில் கட்டி இருந்தது. ஐந்தில் ஒருவருக்கு எலும்பைத் தவிர வேறெங்கும் நோய் இல்லை.

இதற்குக் காரணங்கள் பல. முதலாவது, பாதை. முதுகெலும்பைச் சுற்றி ஒரு ரத்தநாள வலைப்பின்னல் இருக்கிறது. மற்ற நாளங்களில் ரத்தம் திரும்பிப் போகாதபடி தடுக்கும் கதவு போன்ற வால்வுகள் உண்டு. இந்த வலைப்பின்னலில் அவை இல்லை. இருமும்போதும், முக்கும்போதும், பாரம் தூக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறினால் ரத்தம் பின்னோக்கி முதுகெலும்புக்குள் போய்வரும். அந்த ரத்தத்தோடு கட்டியின் அணுக்களும் சேர்ந்து போக முடியும். பாரம் தூக்குவதால் நோய் பரவுகிறது என்று இதற்குப் பொருள் அல்ல. அணுக்கள் போவதற்கு அங்கே ஒரு வழி திறந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

இரண்டாவது, இடம். முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, மண்டையோடு, தொடை எலும்பின் மேல்முனை ஆகியவற்றில் சிவப்பு மஜ்ஜை நிறைந்திருக்கிறது. அங்கே ரத்த ஓட்டம் மெதுவாகவும் தாராளமாகவும் இருக்கும். வந்த அணு தங்குவதற்கு வசதியான இடம் அது.

மூன்றாவது, மண்வளம். 1889-இல் ஸ்டீஃபன் பேஜெட் என்ற ஆங்கிலேய மருத்துவர், மார்புப் புற்றுநோயைப் பற்றி எழுதும்போது விதையையும் மண்ணையும் உவமையாகச் சொன்னார். விதை காற்றில் எங்கும் பறக்கும். ஏற்ற மண்ணில் விழுந்தால்தான் முளைக்கும். தோட்டத்தில் நாற்று நட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எலும்பு இந்தக் கட்டிக்கு ஏற்ற மண்.

எலும்புக்குள் என்ன நடக்கிறது?

எலும்பு கல் மாதிரி உயிரற்ற பொருள் அல்ல. அதில் பழைய எலும்பைக் கரைக்கும் அணுக்களும், புது எலும்பைக் கட்டும் அணுக்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. இரண்டும் சமமாக இருக்கும்வரை எலும்பு உறுதியாக இருக்கும்.

கட்டியின் அணு உள்ளே வந்ததும், கரைக்கும் அணுக்களைத் தூண்டிவிடுகிறது. எலும்பு கரையும்போது அதற்குள் பூட்டி வைத்திருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளியே வருகின்றன. அவற்றைத் தின்று கட்டி மேலும் வளர்கிறது. வளர்ந்த கட்டி மேலும் எலும்பைக் கரைக்கச் செய்கிறது. இப்படி ஒன்று மற்றொன்றுக்குத் தீனி போடுகிறது. வெளியே பார்த்தால் வீடு நிற்கிறது. உள்ளே கரையான் உத்திரத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

இதன் விளைவுகள் நான்கு. எலும்பு வலிக்கும். லேசாக வழுக்கினாலோ தும்மினாலோகூட எலும்பு முறியலாம். கரைந்த எலும்பிலிருந்து கால்சியம் ரத்தத்தில் ஏறி, தாகம், மலச்சிக்கல், குழப்பம் ஆகியவை வரலாம். எல்லாவற்றிலும் மோசமானது நான்காவது: முதுகெலும்பில் வளர்ந்த கட்டியோ, நொறுங்கிய எலும்போ தண்டுவடத்தை நெருக்குவது. நெருக்கம் நீடித்தால் இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விடும்.

எந்த முதுகுவலியைத் தள்ளிப்போடக் கூடாது?

வேலை செய்ததால் வரும் முதுகுவலி, படுத்தால் குறையும். சில வாரங்களில் தணியும். கீழே உள்ள வலி அப்படிப்பட்டது அல்ல:

• இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி. படுத்தால் கூடும் வலி.
• நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும் வலி.
• முதுகின் நடுப்பகுதியில், நெஞ்சைக் கயிற்றால் கட்டியதுபோல் சுற்றி வரும் வலி.
• வலியோடு வியர்வை, படபடப்பு, தலைவலி, ரத்த அழுத்த ஏற்றம் ஆகியவை சேர்ந்து வருவது.
• காரணமில்லாமல் உடல் மெலிவது.
• முன்பு எந்தக் கட்டிக்காவது, எந்தப் புற்றுநோய்க்காவது சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாக வரும் எலும்பு வலி.

இவற்றில் ஒன்று இருந்தாலும் சில நாட்களுக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கால் பலம் இழந்தாலோ, மாடிப்படி ஏற முடியாமல் தடுமாறினாலோ, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, தெரியாமல் போனாலோ, நாளைக்கு என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நடந்து உள்ளே போகிறவர் பெரும்பாலும் நடந்து வெளியே வர முடியும். நடக்கும் பலத்தை முழுதும் இழந்த பிறகு போனால் அதைத் திரும்பப் பெறுவது கடினம்.

உருவி விடுவதும் ஊசியும்: இங்கே ஏன் எச்சரிக்கை?

எலும்பு அரிக்கப்பட்டிருக்கும் முதுகை அழுத்தி உருவினால், மிதித்துவிட்டால், நெட்டி முறித்தால், அந்த எலும்பு நொறுங்கக்கூடும். வலி எதனால் என்று தெரியும்வரை முதுகை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது.

கிளினிக்கில் செய்யும் சில வழக்கமான காரியங்களும் இந்த நோயாளிக்கு ஆபத்தாக முடியும். மூட்டுவலி, முதுகுவலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைட், மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎஃபெட்ரின், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் ஆகியவை கட்டியைத் தூண்டி அட்ரினலினைக் கொட்டச் செய்யலாம். ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

படபடப்புக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையிலும் இதே சிக்கல் இருக்கிறது. அட்ரினலின் ஒரு வழியில் ரத்தக்குழாயைச் சுருக்குகிறது, இன்னொரு வழியில் சில குழாய்களைத் தளர்த்துகிறது. பீட்டா பிளாக்கரை மட்டும் தனியாகக் கொடுத்தால், தளர்த்தும் வழி அடைபட்டு, சுருக்கும் வழி மட்டும் திறந்திருக்கும். அதனால் முதலில் ஆல்ஃபா பிளாக்கர் என்ற மருந்தைக் கொடுத்துச் சுருக்கத்தைத் தடுத்துவிட்டு, தேவைப்பட்டால் பிறகுதான் பீட்டா பிளாக்கர் கொடுப்பார்கள்.

எலும்பில் கட்டி தெரிந்தால் ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்ப்பது மருத்துவமனையில் வழக்கம். இந்தக் கட்டியாக இருந்தால், முன்னேற்பாடு இல்லாமல் குத்துவதே விபரீதம். ஸ்டீராய்டைப் பொறுத்தவரை இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தண்டுவடம் நெருங்கியவருக்கு அவசரப் பிரிவில் முதலில் கொடுப்பது ஸ்டீராய்டுதான். ஆகவே பழைய கட்டியைப் பற்றி மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான், தக்க பாதுகாப்போடு சிகிச்சை தொடங்க முடியும். "எட்டு வருஷத்துக்கு முன்னால் அட்ரினலில் கட்டி எடுத்தோம்" என்று நோயாளியோ உடன் வந்தவரோ சொல்லும் ஒரு வாக்கியம் அங்கே உயிரைக் காக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி?

முதல் சோதனை ரத்தத்திலோ 24 மணி நேரம் சேர்த்த சிறுநீரிலோ செய்யப்படுகிறது. அட்ரினலின் உடைந்து உருவாகும் மெட்டாநெஃப்ரின் என்ற பொருளின் அளவை அதில் பார்ப்பார்கள். அட்ரினலின் அலையலையாக வந்து போகும்; மெட்டாநெஃப்ரினோ கட்டிக்குள்ளேயே இடைவிடாமல் உருவாகிக்கொண்டிருக்கும். அதனால் அறிகுறி இல்லாத நாளிலும் சோதனையில் அது அகப்படும். ரத்தம் எடுப்பதற்கு முன் 20 முதல் 30 நிமிடம் அமைதியாகப் படுத்திருக்கச் சொல்வார்கள். சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும், பாராசிட்டமோல் உட்பட, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; சில மருந்துகள் முடிவை மாற்றிக் காட்டும்.

அடுத்தது படம். கட்டி இருக்கும் இடத்தைச் சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் காட்டும். தண்டுவடம் நெருங்கியிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. சிறந்தது. உடம்பு முழுக்க எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று தேட அணு மருத்துவப் பிரிவில் வேறு ஸ்கேன்கள் உண்டு. இந்தக் கட்டி விரும்பி உறிஞ்சும் ஒரு பொருளில் மிகச் சிறிய அளவு கதிரியக்கம் சேர்த்து ஊசியாகச் செலுத்துவார்கள். கட்டி அதை உறிஞ்சியதும் ஸ்கேனில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். எம்.ஐ.பி.ஜி. ஸ்கேன், டோட்டாடேட் பெட் ஸ்கேன் ஆகியவை இந்த வகை. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு பெருமளவு கரைந்த பிறகே மாற்றம் தெரியும். எனவே "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்பதோடு நின்றுவிடக் கூடாது.

பரவிய பிறகு சிகிச்சை உண்டா?

உண்டு. முழுமையாக நீக்குவது பலருக்கு முடியாவிட்டாலும், நோயைக் கட்டுக்குள் வைத்துப் பல ஆண்டுகள் வாழ முடிகிறது. இந்தக் கட்டி பலரிடம் மெதுவாகவே வளர்கிறது. நோய் எலும்போடு மட்டும் நின்றவர்கள், மற்ற உறுப்புகளுக்கும் பரவியவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்தார்கள் என்று மேலே சொன்ன அமெரிக்க ஆய்வு காட்டியது. எலும்புக்கு வந்துவிட்டது என்றதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கத் தேவையில்லை.

முதலில் ஆல்ஃபா பிளாக்கர் மருந்தால் ரத்த அழுத்தத்தை அடக்குவார்கள். ஆபரேஷனுக்கு முன் பொதுவாக 7 முதல் 14 நாள் இதைக் கொடுத்து, தண்ணீரும் உப்பும் கூடுதலாகச் சாப்பிடச் சொல்வார்கள். ரத்தக் கொதிப்புக்காரருக்கு உப்பைக் கூட்டச் சொல்கிறார்களே என்று வீட்டார் குழம்பக் கூடாது. சுருங்கிக் கிடந்த ரத்தக்குழாய்கள் விரியும்போது அவற்றை நிரப்புவதற்கான ஏற்பாடு அது. மருத்துவர் சொன்னால் மட்டுமே அதைச் செய்ய வேண்டும்.

எலும்புக்கான சிகிச்சை தனி. வலிக்கும் எலும்புக்கும், நெருக்கப்பட்ட தண்டுவடத்துக்கும் கதிர்வீச்சு நல்ல பலன் தரும். எலும்பு முறியும் நிலையில் இருந்தால் உலோகக் கம்பி வைத்துப் பலப்படுத்துவார்கள். நொறுங்கிய முதுகெலும்புக்குள் சிமெண்டு போன்ற பொருளைச் செலுத்தித் தாங்கிப் பிடிக்கும் முறையும் உண்டு. சோலிட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஆகிய மருந்துகள் எலும்பைக் கரைக்கும் அணுக்களை அடக்குகின்றன. இவற்றைத் தொடங்குமுன் பல் மருத்துவரிடம் போய்ச் சொத்தைப் பல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து இருக்கிறது. இனிப்பு நீரால் சிறுநீரகம் பழுதானவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

நோய் பல இடங்களில் இருந்தால், ஸ்கேனில் பயன்படுத்திய அதே தந்திரத்தைச் சிகிச்சைக்கும் பயன்படுத்துகிறார்கள். கட்டி உறிஞ்சும் பொருளில் இம்முறை வலுவான கதிரியக்கத்தை, அதாவது அயோடின்-131 அல்லது லுட்டேஷியம்-177-ஐ, ஏற்றி அனுப்புவார்கள். மருந்து கட்டியைத் தானே தேடிப்போய் உள்ளிருந்து தாக்கும். வேகமாக வளரும் கட்டிக்கு மூன்று மருந்துகள் சேர்ந்த கீமோதெரபி உண்டு. சுனிட்டினிப் என்ற மாத்திரை 78 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 2024-இல் முடிவு வெளியானது. மருந்து சாப்பிட்டவர்களில் 36 விழுக்காட்டினருக்கு ஓராண்டு வரை நோய் முன்னேறவில்லை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 19 விழுக்காடு. பெல்சுட்டிஃபான் என்ற இன்னொரு மாத்திரையை அமெரிக்கா 2025 மே மாதத்தில் இந்த நோய்க்கென அங்கீகரித்தது. இத்தகைய புதிய மருந்துகள் விலை அதிகம். யாருக்கு எது பொருந்தும், எது கிடைக்கும் என்பதை நிபுணரிடம்தான் பேச வேண்டும்.

பிள்ளைகளுக்கு வரும் உறவுக்கார நோய்

இதே உள்பகுதியில் சிறு பிள்ளைகளுக்கு வரும் வேறொரு கட்டி நியூரோபிளாஸ்டோமா. பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தாக்குகிறது. கண்டுபிடிக்கும்போதே ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு அது தூர இடங்களுக்குப் பரவியிருக்கும். முதலில் போகும் இடங்கள் எலும்பு மஜ்ஜையும் எலும்பும்தான்.

நன்றாக ஓடியாடிய பிள்ளை விழாமலே நொண்டி நடந்தாலோ, தூக்கினால் அழுதாலோ, காரணமில்லாமல் காய்ச்சல் தொடர்ந்தாலோ, வயிறு ஒரு பக்கம் கெட்டியாக வீங்கினாலோ, அடிபடாமலே கண்களைச் சுற்றிக் கறுத்துப்போனாலோ உடனே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண் கறுத்தால் திருஷ்டி என்று சுற்றிப்போடுவதோடு நின்றுவிடக் கூடாது.

பெரியவர்களுக்கு அட்ரினலின் வெளிப்பகுதியிலும் அரிதாகப் புற்றுநோய் வருவதுண்டு. அது முதலில் நுரையீரலையும் கல்லீரலையும் தாக்கும். எலும்புக்குப் போவது அவற்றைவிடக் குறைவு. அந்தக் கட்டி கார்ட்டிசோலை அதிகம் சுரந்தால், பரவாமலேயே எலும்பு பலவீனமாகும்.

குடும்பத்தில் மற்றவர்களுக்கும் சோதனை தேவையா?

ஃபியோக்ரோமோசைட்டோமாவும் பாராகேங்லியோமாவும் வந்தவர்களில் பத்துக்கு மூன்று, நான்கு பேருக்குக் காரணம் பிறப்பிலேயே வந்த மரபணுக் குறை. இதோடு தொடர்புள்ள மரபணுக்கள் பத்துக்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. பெற்றோரில் ஒருவருக்குக் குறை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எஸ்.டி.எச்.டி. என்ற மரபணுவில் ஒரு விசித்திரம் இருக்கிறது: குறை அப்பாவிடமிருந்து வந்தால் பெரும்பாலும் கட்டி வரும், அம்மாவிடமிருந்து வந்தால் பெரும்பாலும் வராது. அதனால் நோய் ஒரு தலைமுறையைத் தாண்டிப் பேரப்பிள்ளையிடம் தலைகாட்டலாம்.

எனவே ஒருவருக்கு இந்தக் கட்டி உறுதியானால், மரபணுச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். குறை இருப்பதாகத் தெரிந்தால் அண்ணன், தங்கை, பிள்ளைகளும் சோதித்துக்கொள்வது நல்லது. கல்யாணப் பேச்சு கெட்டுவிடும், ஊர் பேசும் என்று சில குடும்பங்கள் நோயையே மறைக்கின்றன. மறைப்பதால் மரபணு மாறாது. முன்கூட்டியே தெரிந்தவர் ஆண்டுக்கு ஒரு சோதனையில் கட்டியைச் சிறியதாகவே பிடித்துவிடலாம். தெரியாதவர் எலும்பு முறிந்த பிறகு தெரிந்துகொள்வார்.

எங்கே போவது? என்ன செய்வது?

முதல் படி அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்தான். 1 வெள்ளி கட்டணத்தில் ரத்த அழுத்தம் பார்த்து, சந்தேகம் இருந்தால் மருத்துவர் பரிந்துரைக் கடிதம் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார். உட்சுரப்பியல் நோய்களுக்குப் புத்ராஜெயா மருத்துவமனை நாட்டின் முக்கிய சிறப்பு மையம். அதே ஊரில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் அணு மருத்துவப் பிரிவு இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் இதற்கான நிபுணர்கள் இருக்கிறார்கள். தொலைவு அதிகம், ஒருநாள் சம்பளம் போகும் என்று சந்திப்பு நாளைத் தவறவிடுவதுதான் பலருக்கு நேரும் தடங்கல். நோயால் வேலை செய்ய முடியாமல் போன தொழிலாளி, சந்தா செலுத்தியிருந்தால், சொக்சோவின் இயலாமைத் திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க முடியுமா என்றும் விசாரிக்கலாம். மருத்துவமனையில் உள்ள சமூகநலப் பிரிவும் வழிகாட்டும்.

ஏற்கெனவே அட்ரினல் கட்டியை அகற்றியவர்கள் செய்ய வேண்டியவை இவை:

• ஆபரேஷன் முடிந்து எத்தனை ஆண்டு ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை மெட்டாநெஃப்ரின் சோதனை. ஐரோப்பிய உட்சுரப்பியல் சங்கத்தின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டி குறைந்தது 10 ஆண்டுகள் கண்காணிக்கச் சொல்கிறது. இளம் வயதில் வந்தவர்கள், பெரிய கட்டி இருந்தவர்கள், மரபணுக் குறை உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆயுள் முழுக்க.
• மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் கடிதத்தையும் கட்டியின் பரிசோதனை அறிக்கையையும் அடையாளக் கார்டோடு வைத்துக் காப்பாற்றுவது. கைப்பேசியில் படம் எடுத்து, பிள்ளைகளிடமும் ஒரு பிரதி கொடுத்து வைப்பது.
• புது கிளினிக், பல் மருத்துவர், பிரசவம், எந்த ஆபரேஷன் என்றாலும் முதலில் கட்டியின் பெயரைச் சொல்வது. பெயர் வாயில் நுழையாவிட்டால் கடிதத்தைக் காட்டுவது.
• புதிதாக எலும்பு வலி வந்தால் தானாக மருந்து வாங்கிச் சாப்பிடாமல், பழைய மருத்துவமனைக்கே போவது.

தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு என்று குடும்பங்கள் மாறும்போது பழைய மருத்துவக் காகிதங்கள்தான் முதலில் தொலைந்துபோகின்றன. தாத்தா பாட்டி வயதில் இருப்பவர்களுக்கு எந்த ஆபரேஷன் நடந்தது என்பதே பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. "வயிற்றில் ஏதோ கட்டி எடுத்தார்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த 'ஏதோ' என்னவென்று அவர்கள் நலமாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது, வீட்டில் யாரும் செய்யக்கூடிய வேலை.